ரஸ்ஸல் டீட்ஸின் ஒரு நாள்

பேஸ்பால் ஆட்டத்தில் ரஸ்ஸல் டீட்ஸ் இரண்டாவது பேஸ் என்கிற முனையில் நிற்கும்போது அந்தப் பக்கமாகப் பந்தை அடிப்பது வீண் வேலை என்று எதிரணிக்காரர்களே சொல்வார்கள். தரையை உரசிக்கொண்டு வரும் பந்து எத்தனை வேகமாக வந்தாலும் சரி, அவனுடைய கையுறைக்குள் வந்ததும் சாதுவாகிவிடும். வாங்கிய பந்தை அடுத்தவன் கைக்கு மாற்றுவதில் அவனுக்கு ஈடு அந்த லீகில் யாரும் இல்லை. ஆனால் அதே மனிதன் கையில் மட்டையைக் கொடுத்துவிட்டால் கதை வேறு. நேராக வரும் பந்தை ஒரு மாதிரி சமாளிப்பான். கடைசி நேரத்தில் வளைகிற பந்து அவனுக்குப் பரம விரோதி. பன்னிரண்டு வருடமாக அந்த விரோதியோடு மல்லுக்கட்டியும் ஒரு நாளும் ஜெயிக்கவில்லை.

அதனால்தான் பன்னிரண்டு வருடமும் சின்ன லீகிலேயே கழிந்தது. கல்லூரியில் இரண்டு வருடம் ஆடியதும் ஒரு பெரிய அணிக்காரர்கள் அவனை எடுத்தார்கள். கடைசிச் சுற்றுகளில், தேர்வு செய்கிறவர்கள் கொட்டாவி விட ஆரம்பித்த பிறகு எடுத்தார்கள். அப்புறம் மொன்டானா, டென்னஸி, டெக்சஸ் என்று ஊர் ஊராக அனுப்பி, கடைசியில் கான்சஸ் மாநிலத்தின் கோதுமைக்கு நடுவே இருக்கிற ஹார்லோவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அணியின் பெயர் வெட்டுக்கிளிகள். பெரிய அணிக்கு ஒரு படி கீழே. நாளைய நட்சத்திரங்கள் என்று பெயர் எடுத்த பையன்கள் வந்து கொஞ்ச காலம் தங்கி, பழுத்து, மேலே போகிற இடம். அந்தப் பையன்கள் பழுக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்று பந்து பிடித்துப் போட ஒருவன் வேண்டுமே. நல்லவனாக, அதிகம் பேசாதவனாக, அடிக்கடி காயம்படாதவனாக. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிற தூரத்து உறவுக்காரர் ஒருவர் இருப்பாரே, எல்லா வேலையிலும் இருப்பார், ஒரு ஃபோட்டோவிலும் இருக்க மாட்டார், ரஸ்ஸல் அந்த ரகம்.

வயது முப்பத்திரண்டு. வெளி உலகத்தில் அது ஒரு வயதே இல்லை. ஹார்லோவின் உடைமாற்றும் அறையில் அவன் பெயர் தாத்தா.

பெரிய லீகை இந்த ஆட்டக்காரர்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. மேலே என்பார்கள், அவ்வளவுதான். ரஸ்ஸலுக்கு மேலே போய் நட்சத்திரமாக வேண்டும் என்ற ஆசையெல்லாம் இருபத்தைந்து வயதிலேயே வடிந்துவிட்டது. அவன் கேட்டது ஒரு நாள். மேலே ஒரே ஒரு நாள் அந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டு இருந்தால் போதும். அப்புறம் சாகிற வரைக்கும் ஊரில் “அவன் மேலே இருந்தவன்” என்பார்கள். அந்த ஒரு நாள் கிடைக்காவிட்டால் “அவனும் முயற்சி பண்ணினான்” என்பார்கள். முயற்சி பண்ணினான் என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு மீதிக் காலத்தை ஓட்ட வேண்டும் என்று நினைத்தாலே எழுந்துபோய் மட்டையை எடுத்து வீச ஆரம்பித்துவிடுவான்.

இந்த ஆசையை அவனோடு சேர்ந்து சுமந்தவள் ஒருத்தி இருந்தாள். ஜானெல். ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். கல்யாணமான நாளிலிருந்து ஏழு வருடம் அவன் போன ஊருக்கெல்லாம் கூடவே போனாள். ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு புது ஊர், ஒரு புது வாடகை வீடு, எங்காவது ஓட்டலில் பரிமாறுகிற வேலை, இல்லாவிட்டால் பல் டாக்டர் வாசலில் பெயர் எழுதிக்கொள்கிற வேலை. மற்ற மனைவிமார்கள் ஆட்டத்தின்போது அரட்டை அடிப்பார்கள். இவள் ஒரு பந்துகூட விடாமல் பார்ப்பாள். அவன் அவுட் ஆகி வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாத ஒரே ஆள் அவள்தான். எட்டாவது வருடம் பெட்டியைக் கட்டும்போது அவள் தன் பெட்டியைத் தனியாகக் கட்டினாள்.

“உன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல ரஸ்ஸல். காத்துக்கிட்டே இருக்கறது முடியல. அவ்வளவுதான்” என்றாள்.

சண்டை போட்டிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் டல்சாவுக்குப் போய், ஏசி பழுது பார்க்கிற கெவின் என்பவனைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனுஷன் என்று கேள்வி. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. கிறிஸ்துமஸுக்கு ஒரு குறுஞ்செய்தி, பிறந்தநாளுக்கு ஒன்று. ரஸ்ஸலுக்கு அப்பா யாரென்றே தெரியாது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆக உலகத்தில் அவனுடைய பிறந்தநாள் எது என்று தெரிந்த மனுஷி, இன்னொருவன் வீட்டில் இருந்தாள்.

ஹார்லோவில் பையன்களுக்கு ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் ஓர் அறை ஒழித்துக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை கோழி வறுத்துப் போட்டு, மகன் மாதிரி வைத்துக்கொள்வார்கள். முப்பத்திரண்டு வயது ஆளை யார் தத்தெடுப்பார்கள்? அவன் நெடுஞ்சாலை ஓரத்து விடுதி ஒன்றில் வார வாடகைக்கு இருந்தான். ஆட்டம் இல்லாத நாளில் ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவித் தின்றுவிட்டு, கையுறைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு, வெளியே போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். சில நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டான். கடையில் “பை வேண்டாம்” என்று சொல்லும்போது தன் குரலே தனக்குப் புதிதாக இருக்கும்.

இந்த ஆட்டக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, அடிபடாத ஒருவனை, தப்பு எதுவும் செய்யாத ஒருவனை, மேனேஜர் திடீரென்று வெளியே எடுத்து உட்கார வைத்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். மேலேயிருந்து ஃபோன் வந்துவிட்டது. போகிறவன் கையைக் காலை உடைத்துக்கொள்ளக் கூடாது என்று பத்திரப்படுத்துகிறார்கள். ஆட்டம் முடிகிற வரைக்கும் மேனேஜர் வாயைத் திறக்க மாட்டார். ஆனால் யார் காத்திருப்பது? பெஞ்சில் இருக்கிறவன் ஒவ்வொருவனாக எழுந்து வந்து அவனைக் கட்டிப்பிடிப்பான். பிறகு தள்ளிக்கொண்டுபோய் உள் நடையில் விட்டு, வீட்டுக்கு ஃபோன் பண்ணு என்பார்கள். கையைக்கூடக் கழுவாமல், ஆணி வைத்த ஷூவைக்கூடக் கழற்றாமல் அந்த முதல் ஃபோனைப் பண்ண வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ பேரை ரஸ்ஸல் கட்டிப்பிடித்து அனுப்பியிருக்கிறான். எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிற்பான், தன் முகத்தை யாரும் உற்றுப் பார்க்காமல் இருக்க வேண்டுமே. முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, “போ. திரும்பி வந்துடாதே” என்பான். அதில் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் மனசாரத்தான் சொல்வான்.

அன்றைக்கு ஆகஸ்ட் மாதத்துப் புதன்கிழமை. கோடை முகாம் குழந்தைகளுக்காகக் காலையிலேயே ஆட்டம் வைத்திருந்தார்கள். மைதானம் முழுக்கக் கீச்சுக் கீச்சென்று ஒரே இரைச்சல். பக்கத்தில், இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே, ஷார்ட்ஸ்டாப்பாக நின்றவன் யெர்சன். டொமினிக்கன் பையன், இருபத்தொரு வயது, கால் தரையிலேயே நிற்காது. இரண்டு பந்துக்கு நடுவே ஒரு ஆட்டம் போட்டுவிடுவான். அவனும் ரஸ்ஸலும் சேர்ந்தால் ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்குவதைக் குழந்தைகள்கூட வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்.

“தாத்தா, பந்து வருது. கண்ணாடியைப் போட்டுக்கோ” என்று கத்துவான் யெர்சன்.

“நீ முதல்ல ஆட்டத்தை நிறுத்திட்டு ஆட்டத்தைப் பாரு” என்பான் ரஸ்ஸல்.

ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஐந்தாவது இன்னிங்ஸுக்குக் கையுறையை மாட்டிக்கொண்டு, பள்ளத்தில் இருக்கிற பெஞ்சிலிருந்து ரஸ்ஸல் படியேறினான். மேனேஜர் குயின்டெரோ குறுக்கே கையை நீட்டினார். அந்தக் காலத்தில் அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கிற காட்சராக ஆடி, முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன வெனிசுவேலாக்காரர். சாதாரணமாக எதையும் கத்தித்தான் சொல்வார். அன்றைக்கு மெதுவாகச் சொன்னார்.

“ரஸ், உக்காரு.”

“ஏன் கோச்? நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“தெரியும்யா. உக்காரு.”

சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தார். ரஸ்ஸல் உட்கார்ந்தான். பெஞ்சில் சூரியகாந்தி விதை மெல்லுகிற சத்தம் நின்றது. அவனுக்குப் பதிலாக வேறொரு பையன் இரண்டாவது பேஸுக்கு ஓடினான். அங்கே நின்றுகொண்டிருந்த யெர்சன் வந்தவனைப் பார்த்தான், பெஞ்சைப் பார்த்தான், மறுபடி வந்தவனைப் பார்த்தான். அடுத்த நிமிஷம், நடுவர் கத்தக் கத்த, மைதானத்தை விட்டு ஓடிவந்து ரஸ்ஸலைத் தூக்கியே விட்டான்.

“தாத்தா! தாத்தா! தாத்தா மேலே போறாரு!”

“இருடா, இருடா. இன்னும் ஒண்ணும் தெரியல” என்றான் ரஸ்ஸல்.

“என்ன தெரியல? உன் கால் உடைஞ்சிருக்கா? கை உடைஞ்சிருக்கா? அப்புறம் என்ன?”

காட்ஃப்ரே என்ற பந்து வீசுகிறவன், வாயில் நல்ல வார்த்தையே வராதவன், அவனும் எழுந்து வந்தான். “வேற எதுக்கு வெளிய எடுப்பாங்க? தாத்தாவுக்குப் பகல்ல தூக்கம் வருதுன்னா? நேத்து மேலே அவங்க செகண்ட் பேஸ் ஆள் காலைச் சுளுக்கிக்கிட்டான், ரேடியோவுல சொன்னாங்க. வா இப்படி” என்று இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவனுடைய கண் கலங்கியிருந்தது. காட்ஃப்ரே கண் கலங்கி அந்த அணியில் யாரும் பார்த்ததில்லை.

ரஸ்ஸலுக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. இத்தனை வருடமாக வரிசையில் கடைசியில் நின்றவனுக்கு, வரிசை தன்னை நோக்கி வருவது எப்படி இருக்கும் என்று தெரியாது. ஒவ்வொருவனும் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான். ஒவ்வொருவனும் அவனுடைய வசனத்தையே அவனுக்குத் திருப்பிச் சொன்னான். போ. திரும்பி வந்துடாதே. அவன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். குயின்டெரோ மட்டும் படிக்கட்டில் சாய்ந்து, மைதானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவனை உள் நடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். “ஃபோன் பண்ணு தாத்தா, ஃபோன் பண்ணு!” என்று சொல்லி விட்டுவிட்டு ஓடினார்கள். குளிர்பானப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவன் கைபேசியை எடுத்தான். எல்லோரும் அம்மாவுக்குப் பண்ணுவார்கள், அப்பாவுக்குப் பண்ணுவார்கள். அவனிடம் இருந்தது ஒரே ஒரு பெயர். பண்ணலாமா என்று ஒரு கணம் யோசித்தான். பண்ணிவிட்டான்.

“ரஸ்ஸல்? என்ன ஆச்சு? அடிபட்டுடுச்சா?” என்றாள் ஜானெல். பகலில் அவனிடமிருந்து ஃபோன் வந்து வருடக்கணக்காகிறது.

“அடியெல்லாம் இல்ல. ஜானெல்... என்னை வெளிய எடுத்துட்டாங்க. அஞ்சாவது இன்னிங்ஸ்ல. எனக்கு ஒண்ணுமே ஆகல.”

வேறு யாராக இருந்தாலும் அதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ஜானெலுக்கு வேண்டாம்.

“கட்டிப்பிடிச்சாங்களா?” என்று கேட்டாள்.

“எல்லாரும். காட்ஃப்ரேகூட.”

அவள் அலறிய அலறலில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. குழந்தை “என்னம்மா, என்னம்மா” என்று ஓடி வந்தது கேட்டது. ஜானெல் அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். “நான் சொன்னேன்ல? நான் சொன்னேன்ல ரஸ்ஸல்?” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஏழு வருடம் கூட இருந்தபோதுகூட அவள் இத்தனை சந்தோஷமாகப் பேசி அவன் கேட்டதில்லை. சாயங்காலம் டிவியில் பார்க்கிறேன், கெவினிடம் சொல்லி அந்தச் சேனலைப் போடச் சொல்கிறேன் என்றாள். “போ, போய் ரெடியாகு. முடியைச் சீவிக்கோ, டிவியில வரப்போற” என்று விரட்டிவிட்டு வைத்தாள்.

மேலே போகிறவன் அணிக்குச் சாப்பாடு போட வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். ரஸ்ஸல் அடுத்த ஃபோனை மெயின் ரோட்டு இறைச்சிக் கடைக்குப் போட்டான். புகையில் வெந்த மாட்டு விலா எலும்பு, சோளம், உருளைக்கிழங்கு சாலட், இருபத்தைந்து பேருக்கு. இதற்குள் யெர்சன் தன் முறை முடிந்து உள்ளே வந்து, ரஸ்ஸலின் அலமாரியைக் காலி பண்ணி, பெரிய பையில் ஒவ்வொன்றாக மடித்து வைத்து, ஜிப்பையும் மூடிவிட்டான். ஆட்டத்தில் வெட்டுக்கிளிகள் ஜெயித்தார்களா தோற்றார்களா என்று அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. ஜெயித்தார்கள்தான்.

ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் கழித்துக் குயின்டெரோ அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“கதவைச் சாத்திட்டு வா ரஸ்.”

அந்தத் தொழிலில் நல்ல சேதிக்குக் கதவைச் சாத்த மாட்டார்கள். எல்லோரும் கேட்கட்டும் என்று திறந்தே வைத்திருப்பார்கள். ரஸ்ஸலுக்குக் கதவின் பிடியில் கை வைத்தபோதே பாதி தெரிந்துவிட்டது.

“நாலாவது இன்னிங்ஸ்ல மேலேயிருந்து ஃபோன் வந்துச்சு” என்றார் குயின்டெரோ. “எங்க செகண்ட் பேஸ் ஆளுக்குக் கணுக்கால் வீங்கியிருக்கு, எக்ஸ்ரே எடுக்கறோம், எதுக்கும் உங்க ஆளை அடிபடாம வெச்சிருங்கன்னாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல. இப்ப மறுபடி கூப்பிட்டாங்க. வெறும் சுளுக்குதானாம். கட்டுப் போட்டு இன்னிக்கே ஆடறானாம்.”

ரஸ்ஸல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல ரஸ்.”

“தெரியும் கோச்.”

“அவனுங்க கட்டிப்பிடிக்க ஆரம்பிச்சப்பவே நிறுத்தியிருக்கணும். பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன். என்ன பண்றது? எனக்கும் ஆசை. ஒருவேளை நிஜமாயிடுமோன்னு.” கிழவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். “யாருக்காவது ஃபோன் பண்ணிட்டியா?”

“இல்ல கோச்” என்றான் ரஸ்ஸல்.

“நல்லது. நாளைக்கு ஏழு மணிக்கு ஆட்டம். நீதான் செகண்ட் பேஸ்.”

அவன் வெளியே வந்தபோது சாப்பாடும் வந்திருந்தது. நீள மேசை முழுக்க விலா எலும்புத் தட்டுகள், ஆவி பறந்துகொண்டிருந்தது. இருபத்தைந்து பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார்கள். அப்புறம் யாரும் அவனைப் பார்க்கவில்லை. கட்டிப்பிடிப்பதற்கு வழக்கம் இருக்கிறது. கட்டிப்பிடித்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கு ஒரு வழக்கமும் கிடையாது. கொஞ்ச நேரம் எலும்பைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

காட்ஃப்ரேதான் முதலில் வாயைத் திறந்தான். “கறி பிரமாதம் தாத்தா. கோச் கிட்ட சொல்லி மாசத்துக்கு ஒரு தடவை உன்னை வெளிய எடுக்கச் சொல்றேன்.”

ஒருவன் கடித்துக்கொண்டிருந்த எலும்பைத் தட்டில் வைத்தான். பிறகு ரஸ்ஸல் சிரித்தான். அவன் சிரித்ததும் எல்லோரும் அப்பாடா என்று சிரித்தார்கள். யெர்சன் மட்டும் சிரிக்கவில்லை. தான் மடித்து வைத்த துணிகளைப் பையிலிருந்து எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தான். மூக்கை உறிஞ்சினான்.

“விடுடா, நான் பார்த்துக்கறேன். போய்ச் சாப்பிடு” என்றான் ரஸ்ஸல்.

“நான்தான் தாத்தா முதல்ல ஓடி வந்தேன். நான் ஓடி வந்திருக்கக் கூடாது.”

“நீ ஓடி வரலைன்னா எவன் ஓடி வருவான்? போ, எலும்பு தீர்ந்துடப் போகுது.”

எல்லோரும் போன பிறகு அவன் மீதித் துணியை அடுக்கினான். விடுதிக்கு நடந்தே போனான்.

ஜானெலுக்குச் சொல்ல வேண்டும். வழி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தான். அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, “நான் போகல, தப்பா நினைச்சுட்டோம்” என்று ஒரு செய்தியை அடித்தான். அனுப்பப் போகும்போது அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. சோபாவில் மூன்று பேர். கெவின் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். குழந்தை மடியில் சோளப்பொரிக் கிண்ணம். ஜானெல் உதட்டுச் சாயம் பூசி, நல்ல சட்டை போட்டிருந்தாள், டிவி பார்ப்பதற்கு. “ஆறு மணிக்கு நாங்க ரெடி” என்று கீழே எழுதியிருந்தாள். அவன் அடித்து வைத்ததை அழித்தான். முதல் இன்னிங்ஸ் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான்.

அவனும் டிவியைப் போட்டான். கணுக்காலில் கட்டுப் போட்டவன் இரண்டாவது பேஸில் நின்றான். முதல் பந்தையே பாய்ந்து பிடித்தான். நன்றாகத்தான் ஆடினான், குறை சொல்ல முடியாது.

மூன்றாவது இன்னிங்ஸில் ஜானெல் கேட்டாள்: “உன்னை எப்போ இறக்குவாங்க?”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அவன் விரல் வேறு எழுதியது. “தெரியல. பெஞ்சுல இருக்கேன்.”

அனுப்பிய பிறகு கைபேசியைத் தலையணைக்கு அடியில் தள்ளினான், யாரோ பார்த்துவிடுவார்கள் போல. அந்த அறையில் பார்க்க யார் இருக்கிறார்கள்? ஐந்தாவது இன்னிங்ஸில் “பொறுமையா இரு, கூப்பிடுவாங்க” என்று அவள் அனுப்பினாள். ஏழாவதில் “அந்த நொண்டியை வெளிய எடுக்கச் சொல்லு” என்று அனுப்பினாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. இப்படித்தான் அந்தக் காலத்தில் பெஞ்சுக்குப் பின்னாலிருந்து கத்துவாள்.

எட்டாவது இன்னிங்ஸில் கேமரா ஒரு முறை பெஞ்சை மெதுவாக வருடிக்கொண்டு போனது. கடைசி ஓரத்தில் ஒருவன் தொப்பியைக் கண் வரைக்கும் இறக்கிவிட்டு, முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இரண்டு வினாடி இருக்கும். அது மாற்றுக் காட்சர். ரஸ்ஸல் அவனோடு டெக்சஸில் ஒரே பஸ்ஸில் ஒரு சீசன் முழுக்க அலைந்திருக்கிறான்.

கைபேசி அடித்தது.

“பார்த்துட்டேன்!” என்று ஜானெல் கத்தினாள். “ஆட்டம் நடக்கறப்ப நீ எடுக்க மாட்டேன்னு நினைச்சேன், எடுத்துட்டியே! பார்த்துட்டேன் ரஸ்ஸல். கடைசி ஓரத்துல, குனிஞ்சுக்கிட்டு. கெவின் இல்லேங்கறான். எனக்குத் தெரியாதா? உன் தோளு எனக்குத் தெரியாதா? நீதானே?”

டிவியில் கூட்டம் எதற்கோ ஆர்ப்பரித்தது. அவன் சத்தத்தைக் குறைத்தான்.

“நான்தான்” என்றான்.

அவள் கெவினிடம் “சொன்னேன்ல, சொன்னேன்ல” என்றது கேட்டது. அப்புறம் அவள் அந்த அறையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும், சுற்றியிருந்த இரைச்சல் அடங்கியது.

“நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேனோன்னு எத்தனையோ நாள் நினைச்சிருக்கேன். இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமோன்னு. அதெல்லாம் இப்ப எதுக்கு. சந்தோஷமா இருக்கு ரஸ்ஸல். என்னமோ நானே அங்க உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. சொல்லு, எப்படி இருக்கு அங்க? எல்லாத்தையும் சொல்லு.”

ரஸ்ஸல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். பேசுவதற்காக உள் நடைக்கு வந்துவிட்டேன் என்றான். மேலே போய்த் திரும்பி வந்தவர்கள் பஸ்ஸில் சொன்னதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். விளக்கு வெளிச்சத்தில் பந்தின் தையல்கூடத் தெரிகிறது என்றான். மண்ணில் ஒரு கூழாங்கல் கிடையாது, பந்து எகிறவே எகிறாது, மேசை மாதிரி இருக்கிறது என்றான். முட்டையை எப்படிப் போடட்டும் என்று கேட்கிறதற்கே ஒரு ஆள் இருக்கிறான் என்றான். பெஞ்சில் உட்கார்ந்தால் கூட்டத்தின் சத்தம் முதுகில் வந்து மோதுகிறது என்றான். அவள் “ம்” என்றாள், “நிஜமாவா” என்றாள், “அப்புறம்” என்றாள். வெளியே லாரி போனபோது கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டான். ஐந்து வருடத்தில் அவர்கள் இவ்வளவு நேரம் பேசியதில்லை. அவன் வாழ்நாளில் அதைவிட நல்ல ஒரு அரை மணி நேரம் உண்டா என்றால், யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு ஆட்டம்?” என்று கேட்டாள் ஜானெல். “பாப்பா தூங்கிட்டா. நாளைக்கு அவளையும் பார்க்க வைக்கணும்.”

நாளைக்கு என்று ஒன்று இருப்பதை அவன் மறந்தே போயிருந்தான்.

“நாளைக்கு இல்ல ஜானெல்” என்றான். “அந்தப் பையனுக்குக் கால் சரியாயிடுச்சு. நாளைக்கு நான் ஹார்லோவுல ஆடணும். ஒரு நாள்தான்.”



“ஒரு நாள் போதும்” என்றாள். “ஒரு நாள்னாலும் நீ மேலே இருந்தவன். இனிமே எவனும் இல்லேன்னு சொல்ல முடியாது.”

“ஆமா” என்றான்.

அவள் வைத்த பிறகு அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஆட்டம் முடிந்து டிவியில் ஏதோ விளம்பரம் ஓடியது. இன்னும் ஒரு சீசன், மிஞ்சிப்போனால் இரண்டு, அவன் உடம்பு தாங்கும். அதற்குள் ஒரு நாள் நிஜமாகவே ஃபோன் வரலாம். வெளியே எடுப்பார்கள். யெர்சன் ஓடிவருவான், காட்ஃப்ரே கண் கலங்குவான், எல்லோருமாகத் தள்ளிக்கொண்டு போய் அந்தக் குளிர்பானப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஃபோன் பண்ணு தாத்தா என்பார்கள். அன்றைக்கு அவன் யாருக்குப் பண்ணுவான்? அவனிடம் இருந்த ஒரே ஆளுக்கு அவன் இன்றைக்கே சொல்லி முடித்துவிட்டான்.